கேமராவின் முதுகுப் பக்கம்

கடையநல்லூரில் பல வீட்டு ஆண்கள் சவூதியில், தம்மாமிலும் ஜுபைலிலும் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்வது கேமரா. அந்தக் கேமராவை மாட்டுவது ஹஸீபா. தென்காசி வட்டாரத்தில் இந்த வேலைக்கு ஏணி தூக்கும் ஒரே பெண் அவள்தான் என்று நினைக்கிறேன். விசாரித்துவிட்டுச் சொல்லவில்லை. வேறு யாரையும் நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் காமராஜ். தென்காசியில் கேமரா, கேபிள், கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை எனக்கு. கடைக்குள் நுழைகிறவன் எதைத் தூக்கிக்கொண்டு போவான், எதை மாற்றி வைப்பான் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்பேன். இருபது வருடத் தொழில் கொடுத்த குணம். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி ஒருத்தி உண்டென்றால் அது ஹஸீபாதான். சமையல் காஸ் சிலிண்டரைத் தராசில் ஏற்றாமல் வாங்க மாட்டாள். புளியங்குடி எலுமிச்சை மூட்டை வந்தால் மேல் பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடியைக் கொட்டச் சொல்வாள். நம்ப நட, நம்பி நடவாதே என்று சொல்கிறவர்கள் நிறைய உண்டு. அப்படியே நடக்கிறவள் அவள் ஒருத்திதான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, ஜுபைலில் ஸ்டோர்கீப்பராக இருக்கும் அவள் கணவர் முகம்மது இஸ்மாயில், வீட்டுக்குக் கேமரா போடச் சொல்லி என்னிடம் போனில் சொன்னார். நான் சாமானோடு இரண்டு ஆட்களை அனுப்பினேன். வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். ஆட்களை வாசலோடு நிறுத்திவிட்டாள். "ஏணியை வச்சிட்டுப் போங்க. வயரு எங்கன போகணும்னு மட்டும் சொல்லுங்க" என்றிருக்கிறாள். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. படம் நன்றாக வருகிறதாம். ஆனால் கேபிள், பெட்டியில் போட்டிருப்பதைவிட நாலு மீட்டர் குறைவாம். அளந்திருக்கிறாள். அளந்து பார்க்கிற வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரனுக்குப் பிடிக்கும்?

பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஆண் ஆள் வேலைக்கு வந்தால் அவர்கள் மாடியில் ஓர் அறைக்குள் நாள் முழுக்க அடைந்து கிடக்க வேண்டும், அடுப்பும் எரியாது. ஹஸீபா வந்தால் அவளுக்கும் சேர்த்து உலை வைக்கலாம். ஒரு தெரு, இரண்டு தெரு என்று வேலை பரவியது.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து கணவன்மார்கள் வீட்டுப் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்களோடு நடப்பாள். மாட்டி முடித்ததும் படத்தைப் பார்த்துப் பார்த்து, கேமராவின் கண் எட்டுகிற எல்லையைத் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்துக் காட்டுவாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கேமரா பார்க்கும். இந்தப் பக்கம், அதாவது கேமராவின் முதுகுப் பக்கம், பார்க்காது. இரண்டு தடவை தரை துடைத்தால் கோடு போய்விடும். ஆனால் பெண்களுக்கு இடம் மனப்பாடமாகிவிடும். பாயை அங்கே இழுத்துப் போட்டு, முக்காட்டைத் தளர்த்திவிட்டு, மாமியார் கதையும் மருமகள் கதையும் பேசுவார்கள். அவளைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னதற்குப் பாதிக் காரணம் அந்தக் கோடுதான்.

இதற்கு முன் ஹஸீபா இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம் என்பது அதன் பெருமை. மூட்டையின் அடியைக் கொட்டிப் பார்க்கிறவளுக்கு அது பிடிக்காமல் போகுமா? ஐந்து வருடம் அதோடேயே கிடந்து கற்றுக்கொண்டாள். அவளுடைய லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யாது. அதற்கு வேண்டிய ஒரு கோப்பைக் கம்பெனிக்காரன் பூட்டித்தான் தருகிறானாம், உள்ளே என்ன இருக்கிறது என்று லினக்ஸ் எழுதியவர்களுக்கே தெரியாதாம். அதனால் அவள் அதைப் போடவில்லை. பத்து மீட்டர் மஞ்சள் வயரைப் பையில் சுற்றி வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். "ஒரு கோப்பு தானம்மா, போட்டுட்டுப் போயேன்" என்றேன் ஒரு நாள்.

"வீடு பூரா தொறந்து காட்டிட்டு, ஒரு ரூமை மட்டும் பூட்டிச் சாவியை அவன் வச்சிக்கிடுதான் அண்ணாச்சி. நான் அங்கன நிம்மதியாத் தூங்க முடியுமா?" என்றாள்.

கேமராவுக்குள்ளும் லினக்ஸ்தான் ஓடுகிறது என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விற்கிறவனுக்கு விலை தெரிந்தால் போதும் என்றிருந்தவன் நான். புதுக் கேமராவைத் திறந்து, பலகையில் மூன்று புள்ளிகளில் கம்பி பற்றவைத்து, அது முழித்துக்கொள்ளும்போது சொல்லுகிற வரிகளை லேப்டாப்பில் வாசிப்பாள். கம்பெனிக்காரனின் பூட்டிய துண்டு ஒன்று உள்ளே ஏறும்போதெல்லாம், 'இதன் உள்ளடக்கம் எனக்குத் தெரியாது, இதனால் நான் களங்கப்பட்டேன்' என்ற பொருளில் லினக்ஸே ஒரு வரி எழுதிவிடுமாம். அதைக் காட்டிச் சிரித்தாள். "பாத்தியளா அண்ணாச்சி, இதுக்கு இருக்க மானம் ரோஷம் மனுசனுக்கு இல்ல."

நான் சிரிக்கவில்லை. திருகாணி கழற்றிய தடத்தோடு மூன்று கேமராக்கள் என் கடைக்குத் திரும்பி வந்திருந்தன. போன மே மாதம், கடையில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன்.

"சீல் ஒடச்ச சரக்கைக் கம்பெனிக்காரன் திரும்ப எடுக்க மாட்டாம்மா. நீ உள்ள என்ன பாக்கியோ, என்னத்தைக் கழட்டி என்னத்தை வைக்கியோ, எனக்கு எப்படித் தெரியும்? இனிமே தொறந்தா ஒனக்குச் சரக்கு கிடையாது."

அவள் முகம் சுண்டிப்போனது. ஜூனில் பக்ரீத் விடுமுறைக்கு ஆண்கள் ஊருக்கு வந்தார்கள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேமரா வேண்டியிருந்தது. புதிதாக இறங்கிய மாடலில் பதினாலு எடுத்துப் போனாள். பெட்டியின் மேல் 'படம் மட்டும், ஒலி கிடையாது' என்று போட்டிருந்தது. ஒன்றைக்கூட அவள் திறக்கவில்லை. அந்தப் பதினாலில் ஒன்று ஜைனப் மாமி வீட்டு முன்கூடத்தில் வாசலைப் பார்த்து மாட்டப்பட்டது.

ஜைனப் மாமியின் மகன் யஹ்யா தம்மாமில் இருக்கிறான். லீவு முடிந்து போய்விட்டான். மருமகள் சஃப்ரின், கல்யாணமாகி இரண்டு வருடம். பி.எஸ்சி. கணிதத்தில் நல்ல மார்க். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, படம் விட்டு விட்டு வருகிறது என்று ஹஸீபா பார்க்கப் போயிருந்தாள். மாமி மேலே தொழுதுகொண்டிருந்தார். கேமராவின் முதுகுப் பக்கம் பாயில் உட்கார்ந்து, சஃப்ரின் அவளிடம் ஒரு ரகசியம் சொன்னாள். குற்றாலத்தில் பெண்கள் கல்லூரியில் எம்.எஸ்சி.க்கு யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டுவிட்டாள். இடம் கிடைத்துவிட்டது. பத்து நாள் கழித்து வருகிற திங்கட்கிழமைக்குள் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். கணவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யஹ்யாவே போனில் கேட்டான். "யாரைக் கேட்டு அப்ளிகேசன் போட்டே?"

அன்றைக்கே ஜைனப் மாமி சான்றிதழ்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சஃப்ரினுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். அந்தச் செய்தி தெரிந்த ஒரே ஆள் ஹஸீபா. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. சாவியையே கையில் கொடுத்து வைத்த மாதிரி நாலு வீட்டுக்குள் போய் வருகிறவள், அங்கே கேட்டதை இங்கே சொன்னால் யார் உள்ளே விடுவார்கள்? புதன்கிழமைக்குள் மூன்று வீட்டில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டதாம்.

அவள் என் கடைக்கு வந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையை மடக்கக்கூட மறந்து உள்ளே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நான் யார்ட்டயும் சொல்லல. அந்தப் புள்ள சொல்லும்போது அங்கன இருந்தது நானும் அந்தக் கேமராவுந்தான். செட்டிங்ஸ்ல பாத்தேன், சத்தம்ங்கற இடமே இல்ல. இதுல மைக் இருக்கா?"

"பொட்டில என்ன போட்டிருக்கோ அதுதாம்மா" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவன் மாதிரி கதை சொல்லி வந்திருக்கிறேன். எனக்குத் தெரியும். அந்தக் கேமராவில் மைக் இருந்தது.

மே மாதமே சென்னை ஏஜென்ட் எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தான். கம்பெனிக்காரன் ஒரே கேமராவைத்தான் செய்கிறான். ஒலி உள்ளதென்று ஒரு பெட்டியிலும், இல்லாததென்று இன்னொரு பெட்டியிலும் போடுகிறான். உள்ளே இருக்கிற பூட்டிய மென்பொருள்தான் மைக்கை மறைத்து வைக்கிறது. போனில் இருக்கிற ஆப்பில் மாடல் பெயரை ஏழு தடவை தட்டினால் அது திறந்துகொள்ளும். தெரிந்த வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுங்கள், சந்தோஷப்படுவார்கள் என்றான். சந்தோஷப்பட்டார்கள். யஹ்யா, "சத்தமும் கேட்டா நல்லாருக்கும்லா?" என்று கேட்டபோது நானே கடையில் வைத்து ஏழு தடவை தட்டிக் காட்டினேன். ஏதோ உபகாரம் செய்வதாகத்தான் நினைப்பு. மைக்கின் அந்தப் பக்கம் யார் உட்கார்ந்து பேசுவார்கள் என்று யோசிக்கவில்லை. ஹஸீபா வந்து கேட்டபோது யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் பெட்டியைக் காட்டினேன். உண்மையைச் சொன்னால் பதினாலையும் திருப்பிக் கொண்டுவருவாள், ஊரெல்லாம் என் பெயர் நாறும் என்ற பயம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

அவள் கம்பெனிக்கு ஏற்கெனவே ஈமெயில் போட்டிருந்தாள். லினக்ஸை வைத்து விற்கிறவன், கேட்டால் அதன் சோர்ஸ் கோடை, அதாவது எழுதிய மூல வரிகளை, கொடுத்தாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். கொடுத்தான். வியாழக்கிழமை வந்துசேர்ந்தது. இறக்கிப் பார்த்தால் ஊரறிந்த பகுதி எல்லாம் ஒழுங்காக இருந்தது. படத்தையும் ஒலியையும் கையாளுகிற பகுதி மட்டும் எழுத்தாக இல்லாமல், வாசிக்க முடியாத கட்டியாக இருந்தது. அவள் எங்கே பார்க்க வேண்டுமோ சரியாக அங்கே பூட்டு. எனக்குப் போன் செய்து சொன்னாள். "அப்படியா, என்ன பண்றதும்மா" என்று நானும் வருத்தப்பட்டேன்.

உள்ளே வாசிக்க முடியாவிட்டால் வெளியே இருந்து சோதிக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். சஃப்ரின் சொன்னது வெள்ளிக்கிழமை. சவூதியில் வெள்ளிதான் விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவன் கையில் போன்தான் இருக்கும். மறுநாள் வெள்ளி, நாலு மணிக்கு, அவள் ஜைனப் மாமி வீட்டு வாசலில் நின்றாள். முன்கூடத்துக் கேமராவின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதபடி பக்கவாட்டுக் கதவில்.

"இன்னும் என்னட்டி வேணும் ஒனக்கு?" என்றார் மாமி.

"மாமி, கூடத்துல உக்காந்து ஒரு பொய் சொல்லணும். நீங்கதான் சொல்லணும். அது யஹ்யா காதுக்குப் போகலைன்னா நான் இந்தத் தெருப்பக்கமே வரல."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொய் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் ஒரு கேள்வியாகக் கேட்டால் அது பொய்யாகாது என்றார். புளியங்குடியில் யஹ்யா வாங்கிப் போட்ட எலுமிச்சைத் தோட்டம் அவனுக்கு உயிர். மாமி பாயில் உட்கார்ந்து, சஃப்ரினைக் கூப்பிட்டு, சத்தமாகவே கேட்டார்.

"ஏட்டி, அந்தப் புளியங்குடித் தோட்டத்தை என் தம்பி மவனுக்கே எழுதிக் குடுத்துட்டா என்ன? இவன் எங்க வந்து பாக்கப் போறான்?"

சஃப்ரினுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒங்க இஷ்டம் மாமி" என்றாள். ஹஸீபா பக்கவாட்டுக் கதவில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நிமிடத்தில் மாமியின் போன் அடித்தது.

"ஏம்மா, தோட்டத்தை யாருக்கு எழுதுதிய?"

மாமி ஸ்பீக்கரில் போட்டார். "நான் பேசுனது ஒனக்கு எப்படிலே தெரியும்?"

தோட்டத்துப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று அவன் பேச்சை மாற்றப் பார்த்தான்.

"சொல்லுலே. எத்தனை நாளாக் கேக்க?"

"நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கிய. ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா."

"பாதுகாப்புக்கு வாசலைப் பாரு. ஒன்னைப் பெத்தவ பேச்சை எதுக்குலே ஒட்டுக் கேக்க? நான் எம் புருசனை, ஒங்கத்தாவை நெனச்சு அழுததையும் கேட்டியோ?" மாமி கேமராவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார், "யாரு காட்டிக் குடுத்தா இதை? இந்த ஹஸீபாவா?"

"அவங்களுக்குத் தெரியாதும்மா. தென்காசிக் கடைக்காரரு."

மாமி போனை வைத்துவிட்டு நேரே போய் பீரோவைத் திறந்தார். சான்றிதழ் உறையை மருமகள் மடியில் போட்டார். "திங்கக்கிழம போயிச் சேந்துரு. அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன். மாடில போயிப் பேசிக்கிடுதேன்."

ஹஸீபா அப்போதுதான் ஏணியை எடுத்தாள். கேமராவை இறக்கிப் பிரித்தாள். கடுகு அளவுக்குக் கறுப்பாக ஒன்று ஓரத்தில் இருந்தது. நகவெட்டியால் நறுக்கி எடுத்து மாமியின் உள்ளங்கையில் வைத்தாள். சஃப்ரின் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், ஹஸீபா குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் மீதிப் பதிமூன்று வீட்டுக்கும் போனாள். வர வேண்டாம் என்று சொன்ன வீடுகளுக்கும் போனாள். "நான்தான் மாட்டினேன், நான் தொறந்து பாக்காம மாட்டிட்டேன், என் தப்பு" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருக்கிறாள். என் பெயரை அவளாக எங்கேயும் எடுக்கவில்லையாம். எல்லா வீட்டிலும் மைக்கை நறுக்கினாள். ஒரு வீட்டில் மட்டும், "அது கெடந்துட்டுப் போகுது. இப்படியாவது நான் சொல்லுதது அவரு காதுல விழட்டும்" என்று ஒரு பெண் மறுத்துவிட்டாளாம். இந்தச் செய்தியெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஹஸீபா கடைக்கு வந்தாள், கூடவே ஒரு சின்னப் பெண். கையில் கல்லூரி உறை. சஃப்ரின் என்று சொல்லாமலே தெரிந்தது. கல்லூரியில் சேர்ந்த கையோடு நேரே வருகிறார்கள்.

"கேபிளுக்கு இருபது கனெக்டர் குடுங்க" என்றாள் ஹஸீபா.

நான் எழுந்து நின்றேன். "ஏம்மா, தப்புப் பண்ணிட்டேன்."

"நான் ஒங்ககிட்ட மைக் இருக்கான்னு கேட்டேன் அண்ணாச்சி. பொட்டியைப் படிக்கச் சொன்னிய. கம்பெனிக்காரன் பூட்டி வச்சான், சரி, அவன் மொகம் எனக்குத் தெரியாது. ஒங்களை ஆறு வருசமாத் தெரியும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"இனிமே எந்தப் பொட்டியையும் தொறந்து பாத்துக்கோம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஒங்களைக் கேக்கணும்னு இல்ல அண்ணாச்சி" என்றாள்.

கனெக்டரை எண்ணிக்கொண்டிருந்தேன். சஃப்ரின் அவள் காதருகே குனிந்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஹஸீபா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, என் தலைக்கு மேலே சுவரில் இருந்த கேமராவைப் பார்த்தாள்.

"இதுல சத்தம் உண்டா?"

"இல்லம்மா. இது பழைய மாடல். சத்தியமா இல்ல."

நான் சொன்னது உண்மை. அதில் மைக் கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை. அவள் தலையை ஆட்டினாள். பிறகு சஃப்ரினைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். சாரல் பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரே குடைக்குள் தெருவோரம் நின்று, கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என்னவோ பேசினார்கள். சஃப்ரின் சிரித்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.